வயிற்று மருந்தும் நினைவாற்றலும்: கொட்டியாரத்துக் கைதி றொபேட் நொக்ஸ் தரும் சான்று

நெஞ்செரிவு, புளியேப்பம், இரைப்பை எரிவு முதலிய துன்பங்களுக்கு இக்காலத்தே உட்கொள்ளப்படும் மாத்திரைகள், நெடுநாட் பயன்பாட்டின் பின் நினைவாற்றலைக் குறைக்குமோ என்னும் ஐயம் கடந்த சில ஆண்டுகளாக மருத்துவரிடையேயும் மக்களிடையேயும் வலுப்பெற்று வந்துள்ளது. வயிற்றுக்கெனக் கொடுக்கும் மருந்து தலையைத் தாக்குமா என்னும் இவ்வினா, நவீன மருந்தியல் தோற்றுவித்த புதிய வினாப்போலத் தோன்றலாம். ஆயினும், இதே வினா 1689ஆம் ஆண்டிலேயே இலண்டன் நகரத்து அறிஞர் அவையொன்றில், ஏறக்குறைய இதே வடிவில் எழுப்பப்பட்டது. அவ்வினாவுக்கு ஆதாரமாக அமைந்த மனிதர், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த மூதூர்க் கரையிற் சிறைப்பட்டவர் என்பது நம் நாட்டு வரலாற்று மாணவர் கருதத்தக்கது. அச்செய்தியை ஆராய்ந்து, அன்றைய சான்றுக்கும் இன்றைய சான்றுக்கும் இடையிலான உறவினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கொட்டியாரக் கரையில் நிகழ்ந்தது

மகாவலி கங்கை கடலொடு கலக்கும் இடத்தை அடுத்து, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்துள்ளது மூதூர். பதினேழாம் நூற்றாண்டில் இப்பகுதி கண்டியரசர் கடல்வழியாக வெளியுலகொடு தொடர்புகொண்ட துறைகளுள் ஒன்றாக விளங்கிற்று. கரையோரத்தின் பெரும்பகுதி முதலிற் போர்த்துக்கேயரிடமும் பின்னர் ஒல்லாந்தரிடமும் சென்றுவிட்ட காலத்தில், இத்தகைய துறைகள் கண்டி மன்னருக்கு எத்துணை இன்றியமையாதனவாக இருந்தன என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்துறைக்கு வரும் அந்நியக் கப்பல் ஒவ்வொன்றையும் மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஐயத்தொடு நோக்கினான் என்பதும் வியப்பன்று.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் ஈடுபட்டிருந்த ‘ஆன்’ என்னும் கப்பல், 1659 நவெம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பனிடுவதற்கும், அவ்விடைவேளையிற் சிறிது வணிகம் செய்வதற்குமாக அக்கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்ந்தது. கப்பற்றலைவர் பெயர் றொபேட் நொக்ஸ். அவர் மகனின் பெயரும் அதுவே. 1641இற் பிறந்த மகனுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. 1660 ஏப்பிரலில் மன்னனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் கப்பலைச் சேர்ந்த வேறு சிலரையும் கரையிலே பிடித்தனர். சிறைப்பட்டவர் தொகை பதினாறு. கப்பலுக்குச் செய்தி சொல்ல அனுப்பப்பட்ட மகன், தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் தந்தைக்கு அளித்த வாக்கின்படி மீண்டு வந்து சிறைப்பட்டான். கப்பல் அவர்களை விட்டுச் சென்றது. தலைவர் இளைப்பாறியதாகக் கூறப்படும் புளியமரத்தின் நினைவாக 1893இல் மூதூரில் ஒரு கல் நாட்டப்பட்டது. ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று அவ்விடம் வழங்கப்படலாயிற்று.

தந்தை 1661 பெப்ரவரியிற் காய்ச்சலால் இறந்தார். மகன் கண்டியரசின் கிராமங்களிலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும், பண்டங்களைச் சுமந்து ஊரூராகத் திரிந்து வணிகம் செய்தும் பிழைத்தார். 1679 செப்டெம்பரில் ஸ்டீபன் றட்லண்ட் என்னும் தோழரொடு புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயா எனச் சிங்களத்திலும் அருவியாறு எனத் தமிழிலும் வழங்கும் ஆற்றினைப் பின்பற்றி, ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இலண்டன் மீண்டபின் 1681இல் அவர் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூல், பதினேழாம் நூற்றாண்டுக் கண்டியரசின் சமூக வாழ்வினை அறிய இன்றுவரை உதவும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும். அந்நூலிற் காணப்படும் சிறு மருத்துவக் குறிப்பொன்றே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

2. நீரால் வந்த நோயும் இலை மருந்தும்

தப்பிச் செல்லும் வழியை அறிவதற்காக நொக்ஸும் தோழரும் வணிகர் கோலத்தில் வடதிசை நோக்கிப் பன்முறை சென்றனர். அப்பகுதி வறண்ட வலயம். அவர்கள் சென்ற காலத்தில் அங்கு மூன்று நான்கு ஆண்டுகளாக மழை பொய்த்திருந்தது. எருமையும் யானையும் புரண்டு கலக்கிய குளத்து நீரையே குடிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் கடுங் காய்ச்சலும் குளிரும் கண்டு அவர்கள் துன்புற்றனர். தண்ணீரே நோய்க்குக் காரணம் என நொக்ஸ் கருதினார். அவர் கண்ட நோயின் பெரும்பகுதி மலேரியாவாக இருந்திருக்கலாம் என்று இன்றைய அறிவுகொண்டு ஊகிக்க இடமுண்டு. ஆயினும், நீரும் வயிறுமே அவர் கண்ட காரணங்கள்.

அந்நீரின் நஞ்சுக்கு மாற்றாக ஒரு மருந்தினை அவர்கள் பின்னர் அறிந்துகொண்டனர். உலர்ந்த இலையொன்றைத் தூளாக்கி, உள்ளூர்ச் சர்க்கரையொடு கலந்து, காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்பதே அம்மருந்து. அவ்விலைக்குப் போர்த்துக்கேய வழக்கிற் ‘பங்கா’ என்று பெயர் என அவர் குறிக்கிறார். சிங்களத்திற் ‘கன்சா’ எனவும் தமிழிற் ‘கஞ்சா’ எனவும் வழங்குவது இதுவே. மருந்தை உண்டபின் நோய் அணுகவில்லை என்றும், அது பேதியோ வாந்தியோ உண்டாக்குவதில்லை என்றும், மூளையை மயக்கித் தலைசுற்றச் செய்வதே அதன் செயல் என்றும் அவர் எழுதுகிறார். ஒரே குறிப்பில் வயிற்றுக்கான நன்மையும் மூளைக்கான கேடும் அடுத்தடுத்து நிற்றல் கவனிக்கத்தக்கது.

நொக்ஸ் தாமாகக் கண்டுபிடித்த மருந்து இதுவன்று. இலங்கையிலும் இந்தியாவிலும் நிலவிய மருத்துவ மரபின் ஒரு கூறே அவரை எட்டியது. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய ‘பாவப்பிரகாசம்’ என்னும் வடமொழி மருத்துவ நூல், இம்மூலிகையின் குணங்களைக் கூறுமிடத்துச் செரிமானத்தைத் தூண்டுவது, வயிற்றுப்போக்கைக் கட்டுவது, உதராக்கினியை வளர்ப்பது என்று வயிற்றின் பயன்களை எண்ணுகிறது; அதனொடு சேர்த்து மயக்கம், வெறி, மிகுபேச்சு என்பவற்றையும் வளர்ப்பது என்கிறது. வயிற்றின் தீயும் மனத்தின் மயக்கமும் ஒரே மருந்தின் இரு விளைவுகளாக ஓரிடத்திலேயே வைத்து எண்ணப்பட்டுள்ளன. கஞ்சா சேரும் ‘மதன மோதகம்’ இலங்கையின் சுதேச வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. ‘பங்கா’ என்ற பெயர் போர்த்துக்கேய வழியாக நொக்ஸுக்கு எட்டியமையும் இயல்பே. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில் இம்மூலிகைக்குத் தனி உரையாடலே வகுத்துள்ளார்.

தமிழ் மருத்துவ மரபு இரைப்பை நோயை நன்கறிந்திருந்தது என்பதும் ஈண்டுக் குறிப்பிடற்பாலது. ‘குன்மம்’ என்னும் பெயரால் வயிற்றெரிவு, புளித்தல், வலி ஆகியவற்றைத் தொகுத்து, அதனை எண்வகையாகப் பிரித்துச் சித்த மருத்துவர் ஆராய்ந்தனர். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் ஈழத்திலும் அம்மரபு வேரூன்றியிருந்தமைக்குச் சான்றாகும். சித்த மருத்துவம் நஞ்சுடைய மூலப்பொருளை முதலிற் ‘சுத்தி’ செய்தே பயன்படுத்த விதிக்கிறது. மருந்தின் நன்மையையும் கேட்டையும் ஒருங்கே எண்ணும் நோக்கு அம்மரபிற் பழையது என்பதை இவ்விதி காட்டுகிறது.

3. 1689: இலண்டன் அவையில் எழுந்த வினா

நொக்ஸின் நூலுக்கு முன்னுரை எழுதியவர் றொபேட் ஹூக். நுண்ணோக்காடி கொண்டு உயிர்க்கலத்தை முதலிற் கண்டு பெயரிட்டவர் எனப் பள்ளி மாணவரும் அறிவர். இலண்டனின் அரச கழகத்தில் அவர் ஆய்வுப் பொறுப்பாளராக விளங்கினார். நொக்ஸும் ஹூக்கும் நெருங்கிய நண்பர். காப்பிக் கடைகளிற் சந்தித்து உரையாடுவது அவர்கள் வழக்கம்.

ஹூக் இம்மூலிகைமீது ஆர்வம் கொண்டதற்கு இரு காரணங்கள் காட்டலாம். முதலாவது, அவரே ஓயாத நோயாளி. 1672 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு, தாம் உட்கொண்ட பேதி மருந்து, வாந்தி மருந்து, அபினிக் கலவை முதலியன தம் வயிற்றையும் தலையையும் உறக்கத்தையும் எவ்வாறு பாதித்தன என்னும் குறிப்புகளால் நிரம்பியது. இரண்டாவது, நினைவாற்றல் பற்றி அவர் தனியே சிந்தித்திருந்தார். 1682இல் அரச கழகத்தில் நிகழ்த்திய விரிவுரையொன்றில், நினைவு என்பது மூளையிற் பருப்பொருளாகச் சேமித்து வைக்கப்படுவது என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். நினைவுக்கு இடமும் உருவும் உண்டென்றால், அதனை ஒரு பொருள் தொடவும் கலைக்கவும் கூடும். எனவே, உண்பவனின் நினைவைச் சிறிதுநேரம் பறிக்கும் இலை பற்றிய செய்தி அவருக்கு வேடிக்கைக் கதையாகத் தோன்றவில்லை.

1689ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நொக்ஸ் தம்மிடம் இம்மூலிகை பற்றிக் கூறியதை ஹூக் நாட்குறிப்பிற் பதிந்தார். உடலுக்கு மிக நன்று எனக் கருதப்படுவது, ஆயினும் சிறிது காலத்துக்கு நினைவையும் அறிவையும் அகற்றுவது என்பது அக்குறிப்பின் சாரம். அவ்வாண்டு டிசெம்பர் 18ஆம் நாள் அரச கழகத்தில் அவர் இதுபற்றி உரை நிகழ்த்தினார். அவ்வுரை அவர் இறந்தபின், 1726இல் அச்சாயிற்று.

அவ்வுரையின் செய்திகளை இவ்வாறு தொகுக்கலாம். புகையிலைக் குழாயொன்றை நிரப்பும் அளவு தூளே ஒரு வேளைக்குரியது. அதனை உண்டவன் சிறிது நேரத்திற் சிரிப்பான், பாடுவான், பொருந்தாதன பேசுவான். அந்நிலையிற் காண்பதையும் கேட்பதையும் செய்வதையும் அவன் நினைவில் வைத்திரான். பின்னர் அயர்ந்து உறங்கி, புத்துணர்ச்சியொடும் கடும் பசியொடும் எழுவான். முன்னர் வயிற்றையோ தலையையோ வருத்திய துன்பம் நீங்கிவிடும். தலைசுற்றல், தலைவலி, வயிற்றுவலி என்பனவும் எஞ்சா. மருந்து செயற்பட்ட வேளையில் நிகழ்ந்தவற்றைத் தவிர, வேறெதனைப் பற்றிய நினைவும் குறைவுபடாது. தமக்கு அதனைத் தந்தவர் தம்மீதே பன்முறை சோதித்துப் பார்த்துள்ளார் என்றும், ஆகவே அஞ்ச வேண்டுவதில்லை என்றும் ஹூக் கூறினார். பெயர் குறிக்கப்படாத அம்மனிதர் நொக்ஸே என்று ஆய்வாளர் கொள்வர். தலைக்கும் வயிற்றுக்குமான பல நோய்களுக்கும், சித்தம் கலங்கியோருக்கும் அது பயன்படக்கூடும் என்பது ஹூக்கின் எதிர்பார்ப்பு.

இவ்வுரையிற் பொதிந்துள்ள பாகுபாடு மருத்துவ வரலாற்றிற் பெறுமதி வாய்ந்தது. மருந்து செயற்படும் பொழுது நினைவுக்கு நிகழ்வது ஒன்று. மருந்து நீங்கியபின் நினைவில் எஞ்சும் குறை மற்றொன்று. முன்னதை ஹூக் ஏற்றார், பின்னதை மறுத்தார். வயிற்று மருந்து பற்றிய இன்றைய விவாதமும் இவ்விரண்டையும் பிரித்தறிவதிலேயே தொடங்குகிறது.

4. சான்று எத்தகையது?

ஹூக்கின் முடிவுக்கு ஆதாரம் யாது? ஒரு மனிதரின் அனுபவம். அம்மனிதர் நம்பத்தக்கவர் என்பதில் ஐயமில்லை. பத்தொன்பது ஆண்டு வாழ்வை, கிராமப் பெயர்களொடும் உழவு முறைகளொடும் அரசாங்க நடைமுறைகளொடும் எழுதி முடித்தவர் அவர். பிற்காலத்தும் தம் நூலை விரிவாக்கும் பொருட்டு மேலும் குறிப்புகள் எழுதினார். 1720 வரை வாழ்ந்தார். பங்காவைப் பன்முறை உண்ட ஒருவரின் நினைவு இவ்வளவு உறுதியாக இருந்தது என்பது ஹூக்கின் கூற்றுக்குத் துணைபோவதாகத் தோன்றலாம்.

ஆனால், இவ்வாறு முடிவு செய்தல் முறையாகாது. நொக்ஸ் அம்மருந்தை உண்ணாதிருந்தால் அவர் நினைவு எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை அறிய வழியில்லை. மருந்தால் நினைவு கெட்ட வேறொருவன் இருந்திருப்பின், அவன் நூல் எழுதியிரான். ஹூக்கிடம் வந்து கூறியும் இரான். எஞ்சியவரின் சாட்சியமே வரலாற்றில் எஞ்சுகிறது. இன்றைய ஆய்வுகள் கஞ்சா குறுகியகால நினைவைக் குலைப்பதை உறுதிப்படுத்தியுள்ளன. அதன் முதன்மை வேதிப்பொருள் 1964இற் பிரித்தறியப்பட்டது. அது பற்றும் ஏற்பிகள் மூளையின் நினைவுப் பகுதியில் மிகுதியாக உள்ளமையும் பின்னர் அறியப்பட்டது. இளமையிற் தொடங்கி நெடுங்காலம் மிகுதியாகப் பயன்படுத்துவோர் கற்றலிலும் நினைவிலும் பின்தங்குவதும் காணப்பட்டுள்ளது. எனவே, ஹூக்கின் முதற்பகுதி சரி. இரண்டாம் பகுதியோ அளவையும் வயதையும் காலத்தையும் பொறுத்தது.

நொக்ஸுக்குப் பின் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கழித்து, இதே மூலிகை பற்றி எதிர்த்திசையில் ஒரு பிழை நிகழ்ந்தது. இந்தியாவின் மனநோய் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோர் பலருக்குக் கஞ்சாவே நோய்க்காரணம் எனப் பதிவேடுகள் கூறின. அவற்றை ஆதாரமாகக் கொண்டு கஞ்சாவைத் தடைசெய்ய வேண்டும் என்னும் குரல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுந்தது. 1893இல் அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. மூதூரிற் கல் நாட்டப்பட்ட ஆண்டும் அதுவே. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, 1894இல் அறிக்கை அளித்தது. பதிவேட்டின் ‘காரணம்’ என்னும் நிரலை அது நோயாளி ஒவ்வொருவரின் வரலாற்றொடும் ஒப்பிட்டு நோக்கியது. நோயாளியை அழைத்து வந்த காவலரோ எழுத்தரோ, வேறு காரணம் தெரியாதவிடத்துக் கஞ்சா என எழுதி அந்நிரலை நிரப்பியமை பலவிடத்தும் வெளிப்பட்டது. அளவான பயன்பாட்டைப் பைத்தியத்துக்குக் காரணமாகக் கொள்ள அப்பதிவேடுகள் போதா எனவும், மிகுபயன்பாடு கேடு விளைக்கலாம் எனவும் குழு முடிவு செய்தது.

1689இன் சான்று ஒரு நண்பரின் வாய்மொழி. 1892 வரையிலான வைத்தியசாலைச் சான்று ஆயிரக்கணக்கான பதிவுகள். எண்ணிக்கை மிகுந்தமையால் மட்டும் இரண்டாவது சான்று மேம்படவில்லை. பதிவேடு எந்நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்னும் வினாவே அதன் தகுதியைத் தீர்மானித்தது. வரலாற்று மாணவருக்கு இது புதிய பாடமன்று. வரி வசூலிக்க எழுதப்பட்ட தோம்பு ஏட்டினைக் கொண்டு மக்களின் சமய வாழ்வை அளக்கப் புகுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடே மருத்துவத்திலும் எதிர்ப்படுகிறது.

5. அமிலத்தைத் தடுக்கும் மருந்துகள்

இந்நெறி நின்று இன்றைய வினாவை நோக்குவோம். இரைப்பை அமிலச் சுரப்பையே தடுக்கும் மருந்து இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞரின் குழு இங்கிலாந்தில் உருவாக்கிய சிமெற்றிடின் 1976இல் அங்கு விற்பனைக்கு வந்தது. அவர் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அம்மருந்து வழங்கத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, முதியோரிடத்தும் சிறுநீரகம் பழுதுற்றோரிடத்தும் அது மனக்குழப்பம் உண்டாக்குவது அறியப்பட்டது. மருந்தை நிறுத்தியதும் குழப்பம் நீங்கிற்று. ஹூக் கூறிய முதல்வகை விளைவு இதுவாகும். சுவீடனில் உருவாக்கப்பட்ட ஒமெப்பிரசோல் 1988இல் விற்பனைக்கு வந்தது. அமிலத்தை வெளியேற்றும் கலத்து ‘எக்கி’யையே முடக்கும் இவ்வகை மருந்துகள் இரைப்பைப் புண்ணின் வரலாற்றை மாற்றின. முன்னர் அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்த பலர் மாத்திரையாலேயே குணமடைந்தனர். இன்று உலகில் மிகுதியாக உட்கொள்ளப்படும் மருந்துகளுள் இவை அடங்கும். இலங்கையின் வைத்தியசாலைகளிலும் மருந்தகங்களிலும் இவை பரவலாக வழங்குகின்றன.

நினைவாற்றல் பற்றிய அச்சம் 2016இற் பரவியது. ஜெர்மனியின் நோய்க்காப்புறுதி நிறுவனமொன்றின் 2004 முதல் 2011 வரையான பதிவுகளைக் கொண்டு, 75 வயதும் அதற்கு மேற்பட்டோருமான 73,679 பேரை ஆராய்ந்த குழுவொன்று, இம்மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டோரிடத்து மறதிநோய் 44 சதவீதம் மிகுந்து காணப்பட்டதாக அறிவித்தது. எலிகளிடத்து இவ்வகை மருந்தொன்று மூளையில் ஒருவகைப் புரதப் படிவை மிகுவித்ததாக அதற்கு முன்னரே ஓர் ஆய்வு கூறியிருந்தமை அச்சத்துக்கு வலுவூட்டியது.

1893இன் பாடம் இங்குப் பயன்படுகிறது. காப்புறுதிப் பதிவேடு பணம் கொடுப்பதற்காக எழுதப்பட்டது. மருந்து உட்கொண்டவர் ஏற்கெனவே பல நோய்களாற் பீடிக்கப்பட்டவராக இருத்தல் கூடும். புகைபிடித்தல், உணவு, கல்வி முதலியன அதில் முறையாகப் பதிவாவதில்லை. அடிக்கடி மருத்துவரிடம் செல்வோருக்கு மறதிநோய் எளிதிற் கண்டறியப்படவும் கூடும். 2017இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வும், 2018இல் வெளிவந்த அமெரிக்கச் சியாற்றில் நகர ஆய்வும் அத்தொடர்பைக் காணவில்லை. மாறாக, 2023இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, 5,712 பேரைப் பின்தொடர்ந்து, மொத்தமாக 4.4 ஆண்டுகளுக்கு மேல் மருந்து உட்கொண்டோரிடத்து மட்டும் மறதிநோய் 33 சதவீதம் மிகுந்ததாகக் கண்டது. அதனிற் குறைந்த காலம் உட்கொண்டோரிடத்து அத்தகைய மிகுதி தெரியவில்லை.

பதிவேட்டைத் தவிர்த்து வேறொரு வழியும் உண்டு. எவர் மருந்தைப் பெறுவர், எவர் வெறுமாத்திரையைப் பெறுவர் என்பதைத் திருவுளச் சீட்டினால் முடிவுசெய்து பின்தொடர்வதே அவ்வழி. இருதய நோயாளர் 17,598 பேரிடத்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் நிகழ்ந்த அத்தகைய ஆய்வின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. மறதிநோயில் இரு பிரிவினரிடையே கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குடற்றொற்று நோய் மட்டும் மருந்து உட்கொண்டோரிடத்துச் சிறிது மிகுந்தது. நொக்ஸுக்கு வழியில்லாதிருந்த ஒப்பீடு இங்கு இயன்றது. ஆயினும், மறதிநோய் பல ஆண்டுகளில் மெல்ல வளர்வது. மூன்றாண்டுச் சோதனை அதன் முழு வரலாற்றையும் கூறிவிட முடியாது. இம்மருந்துகள் மறதிநோயை உண்டாக்கும் என்பது நிறுவப்படவில்லை. நெடுநாட் பயன்பாடு முற்றும் தீங்கற்றது என்பதும் நிறுவப்படவில்லை.

இவ்விவாதத்தினிடையே உறுதியான உண்மை ஒன்று மறைந்துவிடலாகாது. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து பி12, உணவிலிருந்து பிரிவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும். அமிலம் குறையின் அச்சத்தும் குறையக்கூடும். இரண்டாண்டுகளோ அதற்கு மேலோ இம்மருந்துகளை உட்கொண்டோரிடத்து அக்குறைபாடு கூடுதலாகக் காணப்படுவதை 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. பி12 குறைவு மறதியையும் குழப்பத்தையும் கைகால் விறைப்பையும் உண்டாக்கவல்லது. மீனே அன்றாட உணவாகிய மூதூர்க் கரையோரத்தாரினும், மரக்கறி உணவே உண்ணும் முதியோருக்கு இவ்விடர் மிகுதி. இக்குறையை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். காலத்தே அறிந்தால் மாத்திரையாலோ ஊசியாலோ நீக்கலாம். மறதியைக் கண்டு, அது முதுமை என்று வாளாவிருப்போர் இழப்பது இவ்வாய்ப்பையே.

6. முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வயிற்று மருந்துக்கும் நினைவுக்கும் உள்ள உறவு பற்றி இருவகைத் தவறுகள் வரலாற்றில் மாறிமாறி நிகழ்ந்துள்ளமை புலனாகும். நம்பிக்கைக்குரிய ஒருவரின் நலத்தைக் கண்டு எவருக்கும் தீங்கில்லை எனத் துணிவது ஒரு தவறு. பதிவேட்டின் எண்களைக் கண்டு காரணம் இதுவே எனத் துணிவது மற்றொரு தவறு. ஹூக்கின் உரை முன்னதற்கும், மனநோய் வைத்தியசாலைப் பதிவேடுகள் பின்னதற்கும் எடுத்துக்காட்டாகும்.

இத்தவறுகளின் விலையைக் கொடுப்பவர் நோயாளியே. அச்சத்தால் மருந்தைத் திடீரென நிறுத்துபவருக்கு அமிலம் முன்னிலும் மிகுந்து சுரந்து எரிவு பெருகும். இருதய நோய்க்கு அஸ்பிரின் உட்கொள்ளும் முதியவர் அதனை நிறுத்தின் இரைப்பையில் இரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. மறுபுறம், சில கிழமைகளுக்கென எழுதப்பட்ட மருந்தை, யாரும் கேளாமையாற் பல ஆண்டுகள் தொடர்வோரும் மிகப் பலர். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றக் காரணராயிருந்தபோது முன்வைத்த அடிப்படை வினா, இம்மருந்து மக்களுக்குத் தேவையா என்பதே. ஒரு நாட்டின் மருந்துப் பட்டியல் குறித்து அவர் எழுப்பிய வினாவை ஒவ்வொரு முதியவரின் மருந்துப் பை குறித்தும், மருத்துவர் துணையொடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் எழுப்புதல் தகும்.

கொட்டியாரக் கரையிற் சிறைப்பட்ட நொக்ஸ், பிழைத்திருக்க வேண்டி ஓர் இலையை உண்டார். அது தம் மூளையை என்ன செய்தது என்பதை மறைக்காமல் எழுதினார். மருந்தின் பயனையும் கேட்டையும் ஒரே குறிப்பிற் சேர்த்துரைத்த அந்நேர்மையே அவர் சான்றின் பெருமதிப்பு. அதனை ஒப்பீட்டாலும் எண்ணிக்கையாலும் நிறைவு செய்யும் பணி அவருக்குப் பின் வந்தோருடையது. அப்பணி இன்னும் முடியவில்லை.